மன்னர் நடந்த ஐம்பது நடை

முன்னொரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டின் அரசவையில், எந்த ஓலையிலும் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. மன்னர் உதயமாறர் ஒரு செயலைச் செய்தார் என்று யாரும் சொல்லலாம். எப்படிச் செய்தார் என்ற கேள்விக்கு மட்டும் ஒரே விடைதான்: "அருமையாக." மன்னர் அருமையாக உண்டார், அருமையாக உறங்கினார், அருமையாகத் தும்மினார். பாடுவதில் அவருக்குப் பெரும் விருப்பம். அதையும் அருமையாகவே செய்தார். "மன்னர் இன்று சற்று விரைவாகப் பாடினார்" என்று வாய்தவறிச் சொன்ன வீணைக்காரர் மறுநாளே உப்பளத்துக்குக் காவல்காரராகப் போனார்.

அந்த ஒற்றைச் சொல்லை அவையில் முதலில் உரைக்கும் உரிமை திருமேனிப் பண்டிதருக்கு உரியது. அரச குழந்தைகளின் ஆசான் அவர். சிங்காதனத்தின் வலப்பக்கத்து இருக்கை அவருடையது. ஆனால் அதில் அமர்ந்து மகிழ்ந்ததைவிட, அது பறிபோகுமோ என்று வெந்த பொழுதுகளே மிகுதி. காரணம், அவையின் விகடகவி சாத்தையன். எழுத்தாணியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத அவனைக் கண்டால் இளவரசி மாதேவியும் அவள் தம்பி நம்பியும் ஓடிப்போய்த் தோளில் தொற்றிக்கொள்வார்கள். பண்டிதரைக் கண்டால் கைகட்டி நிற்பார்கள். அப்படி நிற்கக் கற்பித்தவர் அவரேதான். இருந்தும் அந்தக் காட்சி அவரைச் சுட்டது.

ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் வந்தார். வழியில் தம் குதிரை இறந்துவிட்டதென்று அவர் கலங்கியபோது, ஐந்து வயது நம்பி அக்கறையோடு கேட்டான்: "அருமையாகச் செத்துதா?"

மன்னரின் முகம் கறுத்தது.

"பண்டிதரே, என் பிள்ளைகளுக்கு வேறு சொல்லே தெரியாதா?"

"வினையடைகளை இனித்தான் தொடங்க எண்ணியிருந்தேன், மன்னா."

"ஒரு செயல் எப்படி நடந்தது என்று காட்டும் சொற்கள்தானே? பதினைந்து நாள் தருகிறேன்."

பண்டிதரிடம் முந்நூறு வினையடைகள் அடங்கிய சுவடி இருந்தது. இளமை முதல் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. அவையில் வாய்விட்டு அவற்றில் ஒன்றைக்கூட அவர் சொன்னதில்லை. குழந்தைகள் அந்தச் சுவடியைத் தலைகீழாக ஒப்பித்தார்கள். பதினாறாம் நாள் மன்னர் சாளரத்தைக் காட்டி, "அந்த மயில் எப்படி நடக்கிறது?" என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில், "அருமையாக" என்றார்கள்.

"சாத்தையா, நீ கற்பிப்பாயா?"

"ஒரு நாழிகை போதும், மன்னா. ஐம்பது சொல்லைப் பொருத்தமாகச் சொல்லவைக்கிறேன்."

"சொல்லவைத்தால் ஆசான் இருக்கை உனக்கு."

பண்டிதர் தம் இருக்கையை இறுகப் பற்றினார். எழுந்து, குரலில் தேன் தடவிப் பேசினார்: "நல்லது. ஆயினும் மயிலும் குதிரையும் எதற்கு? தந்தையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு பிள்ளைகளுக்கு உண்டா? ஐம்பது சொற்களும் மன்னரின் செயலைக் குறித்தே இருக்கட்டும்."

மன்னர் மகிழ்ந்து தலையசைத்தார். குழந்தைகள் 'அருமையாக' என்றே சொன்னால் சாத்தையன் தோற்பான். வேறு சொன்னால் உப்பளம் காத்திருக்கிறது.

சாத்தையன் தலையைச் சொறிந்தான். "பண்டிதர் சொன்னபடியே ஆகட்டும். மன்னரின் செயல் மட்டும்தான். ஆனால் மன்னர் சும்மா உட்கார்ந்திருந்தால் செயலுக்கு எங்கே போவேன்? கொஞ்சம் எழுந்து அந்தத் தூண்வரை நடக்க வேண்டும், மன்னா. குழந்தைகள் கேட்கிறபடி."

"கேட்கிறபடியா?"

"ஆமாம். நடந்த பிறகு சொன்னால் குறை சொன்னதாக ஆகிவிடும். நடக்கும் முன்பே சொன்னால் அது வெறும் விண்ணப்பந்தானே? இப்படி நடங்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தந்தை அப்படியே நடந்து அருள்வார்."

மன்னர் எழுந்தார். நம்பி முந்திக்கொண்டான்: "அருமையா நடங்க, அப்பா!"

மன்னர் எப்போதும்போல நடந்தார்.

"இதைத்தான் தினமும் பாக்கறோமே," என்று மாதேவி உதட்டைப் பிதுக்கினாள். சிறிது யோசித்து, "மெதுவா" என்றாள். மன்னர் மெதுவாக நடந்தார். "இன்னும் மெதுவா!" மன்னரின் ஒரு கால் காற்றிலேயே நின்றது. நம்பி கைகொட்டினான். "விறுவிறுன்னு!"

அதன்பின் அணை உடைந்தது. தத்தித் தத்தி, நொண்டி நொண்டி, பதுங்கிப் பதுங்கி, தள்ளாடித் தள்ளாடி. "திருட்டுத்தனமா, அப்பா!" என்று மாதேவி கத்த, நாடாளும் வேந்தர் தம் மணிமுடியையே மேலாடைக்குள் ஒளித்துக்கொண்டு நழுவினார். "வெட்கத்தோட!" என்றபோது தூணைக் கட்டிப்பிடித்துக் கால்விரலால் தரையில் கோலமிட்டார். சேனாதிபதி கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

"இப்ப கோபமா!"

மன்னர் தரையதிர நடந்தார். நம்பி நெற்றியைச் சுருக்கினான். "அப்பா, இது கோபமா இல்லியே. பயந்த மாதிரியில்ல இருக்கு!"

நடந்து முடிந்த பின் சொல்லப்பட்ட சொல்! பண்டிதர் இருக்கை நுனிக்கு வந்தார். மன்னரின் புருவமும் உயர்ந்தது. சாத்தையன் சட்டென்று குனிந்து வணங்கினான். "இளவரசரின் அடுத்த விண்ணப்பம் அதுதான், மன்னா. பயந்து பயந்து நடக்க வேண்டுமாம்."

மன்னர் ஒரு கணம் நின்றார். பிறகு தம் நிழலைத் தாமே கண்டு அலறிப் பின்வாங்கினார். அவை சிரித்தது. மன்னரும் சிரித்தார்.

பண்டிதர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரிந்தது. எந்த ஏட்டில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. தம் வீட்டுப் பாத்திரங்களில் அயலான் விருந்து பரிமாறுவதைப் பார்ப்பவர்போல் அவர் துடித்தார். இத்தனை ஆண்டுகளாகப் பூட்டி வைத்தது இவன் அள்ளி வீசுவதற்குத்தானா? பிள்ளைகள் ஒருமுறையாவது தம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தார். அவர்கள் பார்க்கவில்லை.

"ஐம்பது!" என்று அமைச்சர் கூவினார்.

மன்னர் மூச்சிரைக்கச் சிங்காதனத்தில் விழுந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அடே சாத்தையா, முடிசூடிய நாளிலிருந்து நான் நடந்தது ஒரே நடை. இன்றைக்கு ஐம்பது நடை நடந்துவிட்டேன்!" தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்கு அணிவித்தார். வலப்பக்கத்து இருக்கையையும் காட்டினார். பண்டிதர் எழுந்து விலகி நின்றார். சாத்தையன் உட்கார்ந்தான். குழந்தைகள் அவன் மடியில் ஏறிக்கொண்டார்கள்.

பொங்கிய மகிழ்ச்சியில் மன்னர் ஒரு பாட்டை எடுத்தார். முழுதாகப் பாடி முடித்து, "எப்படிப் பாடினேன்?" என்றார்.

பழக்கத்தால் அவை முழுவதும் பண்டிதரை நோக்கியது. பண்டிதரோ சாத்தையனை நோக்கினார். மடியில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த அவன் கண்கள் சிரித்தன. உதடுகள் மெல்லப் பிரிந்தன. அவன் சொல்லப்போகிறான். இருக்கையைப் பிடித்தான், பிள்ளைகளைப் பிடித்தான். தாம் பூட்டி வைத்திருக்கும் சொற்களை இங்கேயும் இவனா முதலில் சொல்வது?

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. அவன் வாய் திறக்குமுன் இரண்டடி முன்னே வந்து, மண்டபம் அதிரச் சொன்னார்:

"சுருதி பிசகி, மூக்கால், மூச்சு வாங்க வாங்கப் பாடினீர்கள், மன்னா. இன்று மட்டுமல்ல, இருபது ஆண்டுகளாக அப்படியேதான்."