பதினைந்து கேள்விக்குறிகள்

மேலப்பாளையத்தில் ஒரு தையல் பள்ளியின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சுலைகா கணினி சொல்லிக்கொடுத்தாள். யார் யாரோ கொடுத்த பழைய கணினிகள் ஆறு இருந்தன. அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் மட்டும்தான் ஓடும். அதனால் அதையே கற்றுக்கொடுத்தாள்.

கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவள் ஆவுடையம்மாள். ஐம்பத்து நாலு வயது. குருவைவிடப் பதினாறு வயது பெரியவள். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். பிள்ளைகள் அவளை அம்மா என்று கூப்பிட்டார்கள். சமையல்காரர், பஸ் கண்டக்டர், காய்கறிக்காரர் எல்லோருக்கும் அவள் அம்மாதான்.

வீட்டில் மட்டும் அவள் அம்மா இல்லை.

அவள் கல்யாணமாகி வந்தபோது கணவருடைய மகன் இசக்கிராஜாவுக்கு ஐந்து வயது. அவனைப் பெற்றவள் முந்திய வருடம் காய்ச்சலில் போயிருந்தாள். "சித்தின்னு கூப்பிடுல" என்றார் அப்பா. கூப்பிட்டான். பத்தொன்பது வருடம் அப்படியே கூப்பிட்டான்.

கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுவரில் இருந்த முதல் மனைவியின் படச் சட்டத்தில் கரையான். ஆவுடையம்மாள் படத்தைக் கழற்றி, புதுச் சட்டம் போடக் கடையில் கொடுத்தாள். வேலை முடிந்து வந்த இசக்கிராஜா வெறும் சுவரைப் பார்த்தான்.

"இதுக்குத்தான் இத்தனை வருஷமா காத்திருந்தீங்களா சித்தி?"

அவள் கரையானைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்று வருடமாகப் பொங்கலுக்குப் பொங்கல் போனில் ஒரு வரி வரும். நலம் என்று.

அவன் விட்டுப் போனது ஒரு கணினி. அவனே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டியது. போன மழைக்கு அது கிளம்ப மறுத்தது. ஒரு கடையில் கொடுத்தாள். கடைக்காரர் லினக்ஸைப் புதிதாக ஏற்றி, பழைய கோப்புகளை அப்படியே வைத்துத் திருப்பிக்கொடுத்தார்.

"ஒரு ஃபைல் மட்டும் கெட்டுப்போச்சும்மா. அழிச்சிரவா?"

"வேண்டாம்" என்று சொல்லி, போர்வையில் சுற்றி, ஆட்டோவில் வைத்து நேரே சுலைகாவிடம் கொண்டுவந்தாள்.

சுலைகா அதற்குத் திரையை மாட்டினாள். கோப்புகளின் பட்டியல் வந்தது. பாட நோட்டுகள், படங்கள், எல்லாம் ஆங்கிலப் பெயரில். நடுவில் ஒன்று மட்டும் கேள்விக்குறிகளாக நின்றது.

"இதுதான் கெட்டுப்போனது டீச்சர்."

"எண்ணுங்க" என்றாள் சுலைகா.

ஆவுடையம்மாள் விரலைத் திரையில் வைத்து எண்ணினாள். "பதினஞ்சு."

"கெடல. தமிழ்ல பேர் வச்சிருக்கான். இந்தக் கம்ப்யூட்டருக்கு இப்போ தமிழ்னு ஒண்ணு உண்டுன்னே தெரியாது. அது ஒரு தமிழ் எழுத்தை வைக்க மூணு இடம் எடுக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கு."

"அப்போ அஞ்சு எழுத்தா?"

"அதோட கணக்குல அஞ்சு. புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி."

ஆவுடையம்மாள் நோட்டைத் திறந்தாள். கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அ. ம. புள்ளி. ம. கால்.

"அம்மா. அஞ்சு வருது டீச்சர்."

சுலைகா பார்த்தாள். "வருது."

"சித்தின்னா ஆறு. பதினெட்டுக் கேள்விக்குறி வரணும்."

"ஆமா."

"அப்போ இது சித்தி இல்ல. அம்மா."

சுலைகா அவளிடமிருந்து பேனாவை வாங்கி அதே பக்கத்தில் கீழே எழுதினாள். அப்பா. அக்கா. அத்தை. தம்பி. தங்கை. கடைசியாக, தன் வீட்டு வழக்கப்படி, உம்மா.

"எல்லாம் பதினஞ்சுதான் ஆவுடையம்மா."

அன்று வகுப்பு முடிந்த பிறகும் ஆவுடையம்மாள் எழுந்திருக்கவில்லை.

"இதைத் தமிழ்ல காட்ட வைக்க எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம்."

"இப்போ செய்வீங்களா?"

"நீங்க செய்யுங்க. வழி சொல்லுதேன்."

சுலைகா ஒரு கட்டளை சொன்னாள். ஆவுடையம்மாள் ஒரு விரலால் அடித்தாள். கணினி எந்த மொழியில் இருக்கிறது என்று காட்டியது. மொழி என்ற இடத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தது. வேறு மொழி எதுவும் சொல்லப்படவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அடுத்து ஒரு நீளமான பட்டியல் திறந்தது. உலகத்து மொழிகள், வரிக்கு ஒன்றாக. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # என்ற வேலிக்குறி.

"அந்தக் குறி இருந்தா கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது. தமிழ் இருக்கிற வரியைக் கண்டுபிடிச்சு, குறியை எடுங்க."

ஆவுடையம்மாள் இறங்கிக்கொண்டே போனாள். எங்கெங்கோ பேசும் மொழிகள். பேரே கேள்விப்படாதவை. கடைசிக்குக் கிட்டத்தில் தமிழ் வந்தது. வரியின் தலைப்பில் போய் நின்றாள். அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

அழுத்தாமல் விரலை எடுத்துவிட்டாள்.

"டீச்சர், இது இப்படியே இருக்கட்டுமா?"

"ஏன்?"

"இப்போ இது அம்மாவா இருக்கலாம். எடுத்த பிறகு அத்தைன்னு இருந்தா?"

சுலைகா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். மாற்றம் எதையும் சேமிக்காமல் பட்டியலை மூடி, கணினியை அணைத்தாள். போர்வையை எடுத்து அவளே சுற்றினாள்.

"இங்கேயே இருக்கட்டும்."

அடுத்த மூன்று ஞாயிறும் ஆவுடையம்மாள் வந்தாள். மற்றொரு கணினியில் உட்கார்ந்து தமிழில் தட்டச்சு பழகினாள். போர்வை சுற்றிய பெட்டியின் பக்கம் போகவில்லை. சுலைகா கேட்கவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டை நீட்டி, "அம்மா, இன்னொரு முட்டை" என்றார்கள். முன்பெல்லாம் அந்தச் சொல் காதில் விழுந்து போய்விடும். இப்போது ஒவ்வொரு தடவையும் அவள் கரண்டி ஒரு கணம் நின்றது. அஞ்சு எழுத்து. இருநூறு பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அதில் ஒரு குரல் இல்லை. வீட்டுக்குப் போனால் சுவரில் புதுச் சட்டத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி அவளுக்குப் பூ வைக்கும்போது ஆவுடையம்மாள் ஒருநாள் வாய்விட்டே கேட்டாள், "உன்னையாக்கா எழுதியிருக்கான்?" என்று.

நாலாவது ஞாயிறு, மற்றவர்கள் போன பிறகு, சுலைகாவிடம் கேட்டாள்.

"உங்களுக்கு இப்படி எதையாவது படிக்கப் பயமா இருந்திருக்கா டீச்சர்?"

சுலைகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எங்க உம்மா தமிழை அரபு எழுத்துலதான் எழுதுவாங்க. அந்தக் காலத்துல அப்படித்தான் படிச்சாங்க. எனக்கு அப்படிப் படிக்க வராது. ஒருநாள் நான் காலேஜுல இருக்கையில உம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பல. அடுக்களையில ஒரு சீட்டு இருந்துச்சு. அவசரத்துல என்னமோ எழுதி, டப்பாவுக்கு அடியில வச்சிருந்தாங்க."

"என்ன எழுதியிருந்தாங்க?"

"தெரியாது. பதினோரு வருஷம் தெரியாது."

"படிக்கிறவங்க யாரும் கிடைக்கலையா?"

"எதிர் வீட்டுலேயே இருந்தாங்க. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற மாமி. நான் காட்டல. அதுல எனக்கு துஆ செஞ்சிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நல்லா இரு மகளேன்னு எழுதியிருப்பாங்கன்னு."

"அப்புறம் எப்போ காட்டினீங்க?"

"அந்த மாமி வீட்டைக் காலி பண்ணி மக வீட்டோட போகப்போறாங்கன்னு தெரிஞ்சுது. ஓடிப்போய்க் காட்டினேன். வாசிச்சாங்க. 'அரிசி ஊறுது. நீ வந்து ஆட்டிரு.' அவ்வளவுதான்."

கீழே தையல் மெஷின் ஒன்று ஓடி நின்றது.

"ரொம்ப வருத்தப்பட்டீங்களா?"

"உம்மா எனக்கு ஒரு வேலை சொல்லி பதினோரு வருஷம் ஆகியிருக்கு. வீட்டுக்குப் போனேன். அரிசியை ஊறப்போட்டேன். ஆட்டினேன்."

ஆவுடையம்மாள் எழுந்து போய்ப் போர்வையைப் பிரித்தாள்.

பட்டியலைத் தானே திறந்தாள். வேலிக்குறியை எடுத்தாள். சேமித்தாள். சுலைகா சொன்ன அடுத்த இரண்டு கட்டளைகளை அடித்தாள். கணினி தமிழைத் தயார் செய்துகொண்டது. வெளியேறி மறுபடி உள்ளே வந்தாள்.

கேள்விக்குறிகள் போயிருந்தன. அந்த இடத்தில் வெறும் கட்டங்கள் நின்றன.

"இன்னும் தெரியலையே!"

"தமிழ்னு தெரிஞ்சிருச்சு. வரைஞ்சு காட்டத்தான் அதுகிட்ட எழுத்துரு இல்ல. ஏத்துங்க."

எழுத்துரு ஏற்றும்வரை ஆவுடையம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி பட்டியலைக் கேட்டாள்.

அம்மா.

அவள் அதைத் தொட்டாள். திரை சில்லென்று இருந்தது.

"அம்மான்னுதான் டீச்சர் இருக்கு."

"திறங்க."

திறந்தாள். முதல் வரியை உரக்கப் படித்தாள். "அம்மா, நீ போய்ப் பதிமூணு வருஷம் ஆச்சு. நானே ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருக்கேன். யார்கிட்டச் சொல்லன்னு தெரியல, அதான் உன்கிட்ட..."

அதற்கு மேல் படிக்கவில்லை.

"அந்த அக்காவுக்கு எழுதியிருக்கான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மூடுவதற்காகக் கையைக் கொண்டுபோனாள். "எனக்கு எழுதல. நான் படிக்கக் கூடாது."

"படிக்க வேண்டாம். தேட மட்டும் செய்யுங்க. போன வாரம் சொல்லிக்கொடுத்தேன்ல, ஒரு சொல் எத்தனை தடவை வருதுன்னு பார்க்கிற கட்டளை. அதை அடிங்க."

"எந்தச் சொல்?"

"சித்தி."

ஆவுடையம்மாள் அடித்தாள். ச. கொக்கி. த. புள்ளி. த. கொக்கி. கணினி உடனே ஒரு எண்ணைக் காட்டியது.

இருநூற்றுப் பதினாறு.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுலைகா எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

ஆவுடையம்மாள் படித்தாள். சிலதை உரக்க, சிலதை உதட்டுக்குள்.

"சித்தி பள்ளிக்கூடத்துல சாப்பிட மாட்டாங்க. வீட்டுக்கு வந்து என்கூடத்தான் சாப்பிடுவாங்க. மூணு மணியாகும். நான் பசிக்கலன்னு சொல்லி அவங்களுக்காக இருப்பேன்."

"சித்திக்கு உன் போட்டோவுக்குப் பூ வைக்க எட்டல. ஸ்டூல் போட்டு ஏறுறாங்க. நான் வைக்கிறேன்னு சொல்லலாம். சொல்லல. அவங்க வைக்கிறது உனக்குப் பிடிக்கும்னு தோணுது."

"நேத்து அம்மான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. உன்னை நினைச்சுக்கிட்டு நிறுத்திட்டேன். நீ கோவிச்சுக்க மாட்டேன்னு தெரியும். இருந்தாலும்."

இதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

கடைசிப் பத்தியில் தேதி போட்டிருந்தது. அவன் புனேவுக்கு ரயிலேறிய தேதி.

"அம்மா, படத்துக்குச் சட்டம் போடுற கடைக்காரர் வழியில பார்த்துச் சொன்னார். கரையானாம். உன் படம் போயிரக் கூடாதுன்னு சித்திதான் பதறிக் கொண்டுபோய்க் கொடுத்தாங்களாம். நான் என்ன வார்த்தை கேட்டுட்டேன். எந்த முகத்தோட அவங்க முன்னாடி நிக்க? நீயாவது சொல்லு."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஆவுடையம்மாள் அழுதாள். சத்தமில்லாமல், நெடுநேரம். சுலைகா திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு வருஷம்" என்றாள் ஆவுடையம்மாள். "கரையான்னு அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைப் போய் இப்படிக் கேட்டுட்டானேன்னு ரோஷம். அவன் வெக்கத்துல அங்க கிடக்கான். நான் ரோஷத்துல இங்க கிடக்கேன்."

"அவன் மெயில் முகவரி இருக்கா?"

"போன்ல இருக்கு."

சுலைகா வந்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

ஆவுடையம்மாள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். ஒரு பாரா எழுதி அழித்தாள். இன்னொன்று எழுதி அதையும் அழித்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. கடைசியில் நான்கு வரி மிஞ்சியது.

"ராஜா, உன் கம்ப்யூட்டர் சரியாயிட்டு. உனக்குச் சொல்லாம ஒண்ணைப் படிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. அன்னைக்கு நானும் வாயைத் திறந்திருக்கணும். லீவு போட்டு வா, மூணு மணி வரைக்கும் சாப்பிடாம இருப்பேன்."

"பாருங்க டீச்சர், சரியா இருக்கா?"

சுலைகா குனிந்து படித்தாள். "சரியா இருக்கு. கீழே உங்க பேர் இல்ல."

ஆவுடையம்மாளின் விரல் விசைப்பலகையின்மேல் நின்றது. முதல் பொத்தானைத் தொட்டது, எடுத்தது.

"வாய் வரைக்கும் வந்துச்சுன்னு எழுதியிருக்கான்" என்றாள். அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல் இருந்தது. "இப்படிக்கு அம்மான்னு போடட்டுமா டீச்சர்? ஒரே ஒரு தடவை. போடலாமா?"

சுலைகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடலாம். ஆனா இருநூத்துப் பதினாறு தடவை எழுதினவன், கடுதாசியைத் திறந்ததும் யாரைத் தேடுவான் ஆவுடையம்மா?"