பனியை ஏய்த்த கொழுந்து

மரமும் பனியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சீகை மரம் (தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய்க் கொடி அல்ல, மலையில் வளரும் மரம்) அடியிலிருந்து நுனிவரை ஒரே சாம்பல் நிறம். மலைமேல் ஆவுடை என்பவள் தன் வாசலில் அதை வளர்த்தாள். விதையை வெந்நீரில் ஊறவைத்து முளைக்கவைத்ததே அவள்தான். தின்னப் பழம் தராத மரத்துக்கு இத்தனை சீராட்டா என்று புருஷன் சங்கன் கேலி செய்வான். பார்க்க நன்றாயிருக்கிறதே, அது போதாதா என்பாள் அவள்.

மரத்துக்குத்தான் நிம்மதியில்லை. மார்கழி வந்தால் உறைபனி கொழுந்துகளைத் தொடும். தொட்டதெல்லாம் கன்றிக் கறுத்து உதிரும். அந்த வருடம் மரம் மெலிந்து, ஒரே ஒரு கிளையில்தான் துளிர் விட்டிருந்தது. அதுவும் போனால் மரமே பட்டுப்போகும்.

ஆவுடைக்கும் அதே நோவுதான். முன்பு பெற்றவை ஒன்றும் தங்கவில்லை. அதனால் இந்த முறை பிறந்த பெண்ணைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பை என்றே பேர் வைத்திருந்தாள்.

ஒரு மாலை அவள் பிள்ளையைப் பேர் சொல்லிக் கொஞ்சுவது மரத்தின் காதில் விழுந்தது.

"கிளி மாதிரி இருக்கிறாள். வேறு பேரா கிடைக்கவில்லை, ஆவுடை?" என்று கேட்டது மரம்.

"எமன் வந்தால் பேரைக் கேட்டதும் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவான். அதற்குத்தான்."

மரம் தன் ஒற்றைத் துளிரைப் பார்த்துக்கொண்டது. பிறகு தணிந்த குரலில், "என் பிள்ளைக்கும் அப்படி ஏதாவது செய்யேன், தாயே" என்றது.

ஆவுடை யோசித்தாள். பனி பேர் கேட்டு வருவதில்லை, பார்த்துத்தான் தொடும். காட்டுப் புதர்களில் பறித்து உலர்த்தி வைத்திருந்த கருநீலத் தவிட்டுப்பழத்தை ஊறவைத்து அரைத்தாள். ஊதா விழுது கன்றிய புண் போலவே இருந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல அதைக் கொழுந்தில் இலை இலையாகப் பூசினாள். முதலில் சிரித்த சங்கன், குப்பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையால் கிளையை அவளுக்கு எட்டும்படி வளைத்துப் பிடித்தான்.

விடியும் நேரத்தில் பனி வந்தது. புல்லில் படிந்தது, கூரையில் படிந்தது, கிளையருகே வந்து நின்றது.

"இதை முன்பே தொட்டுவிட்டேன் போலிருக்கிறது" என்று முனகிவிட்டுக் கடந்து போனது.

வெயில் ஏறியதும் கொழுந்து ஊதாவாக மின்னியது. சங்கன் கிளையை வளைத்துப் பார்த்தான்.

"அசிங்கப்படுத்தப் போனாய். இப்போது மலையிலேயே இதுதான் அழகு."

"மெல்லப் பேசுங்கள், பனி காதில் விழப்போகிறது" என்று ஆவுடை குப்பையை வாங்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

குப்பை வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்தாள். மரமும் அந்தப் பூச்சை மறக்கவில்லை. அன்று முதல்தான் சீகைக் கொழுந்து ஊதாவாகப் பிறந்து, பனியைத் தாங்கும் வலு வந்த பிறகே சாம்பல் நிறத்துக்குத் திரும்புகிறது. அழகுக்கென்று அதை வளர்ப்பவர்கள் இன்று ஆசையாய்ப் பார்க்கும் அந்த நிறம், ஒரு பிள்ளை பிழைக்கட்டும் என்று பூசிய அழுக்கு.