ராஜா மகனுக்கு ஆட்டு நிறப் போர்வை

மேற்கே, கடல்களையெல்லாம் தாண்டி, பூமி இதோடு முடிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் ஒரு பச்சைத் தீவு இருக்கிறது. அங்கே வெகு காலத்துக்கு முன்னால் கெல்லக் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மழை பெய்யாத நாட்களை அந்தத் தீவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நாம் மார்கழிப் பனிக்கே காதைப் பொத்திக்கொண்டு திரிகிறவர்கள். அந்தக் குளிரில் நம்மைக் கொண்டுபோய் விட்டால் அடுப்பை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

அந்த ஊரில் ஆணும் பெண்ணும் உள்ளே ஒரு வெள்ளை அங்கி போடுவார்கள். அதன்மேல் கம்பளிப் போர்வையைச் சுற்றி ஒரு ஊக்கால் குத்திக்கொள்வார்கள். இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்தப் போர்வையில் எத்தனை நிறம் இருக்கலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. உழுகிறவனுக்கு ஒரே நிறம், அதுவும் ஆட்டின் உடம்பில் இருந்த நிறம். படைவீரனுக்கு மூன்று. புலவருக்கு ஆறு. ராஜாவுக்கு ஏழு. அந்த ஒரு நிறம் குறைந்ததற்காகப் புலவர்கள் காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பெற்ற பிள்ளையை அவர்கள் தம் வீட்டில் வைத்து வளர்ப்பதில்லை. கொஞ்சம் நடக்கவும் பேசவும் தெரிந்ததும் வேறொரு நல்ல குடும்பத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வளர்ந்து ஆளான பிறகுதான் பிள்ளை வீடு திரும்பும். அதனால் அந்தத் தீவில் பெற்றவளை மரியாதையாகத் தாயார் என்றார்கள். அம்மா என்று கொஞ்சிக் கூப்பிடும் சொல் வளர்த்தவளுக்குத்தான்.

கெல்லக் ராஜாவின் மகன் லோர்கனுக்கு அப்படி அம்மாவாக வாய்த்தவள் மோன்கா. அவள் கணவன் கியாரன் நிறைய மாடு கன்று உள்ள உழவன். அவர்களுக்கு ரோனத் என்று ஒரே மகள். லோர்கன் வந்த அன்று வாசலிலேயே நின்று உதட்டைப் பிதுக்கினான். மோன்கா அவனை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் அந்த இடுப்பை விட்டு இறங்கவே பல நாள் ஆயிற்று.

வளர்ப்புப் பிள்ளைக்கு உடுப்பு அனுப்புவது பெற்றவர் கடமை. ராஜா மகன் ராஜா மகனாகவே, அதாவது ராஜாவைப் போலவே உடுத்த வேண்டும். வேறு மாதிரி உடுத்தினால் அது ராஜாவையே அவமதித்ததாகும். அப்படி அவமதித்த வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதும் சட்டம்.

முதல் குளிர்காலத்தில் ராஜா ஓர் ஊதாப் போர்வை அனுப்பினார். லோர்கன் அதைப் போட்டுக்கொண்டு ரோனத்தோடு மழையில் விளையாடினான். இரண்டு பேரும் ஒரே மழையில்தான் நனைந்தார்கள். அவனுக்கு மட்டும் இருமல் வந்தது.

செய்தி கேட்டு, இரண்டாம் குளிர்காலத்தில் ராஜா இன்னும் உயர்ந்த போர்வையை அனுப்பினார். ஊதாவும் நீலமும் கலந்து, ஓரமெல்லாம் சித்திர வேலை செய்த போர்வை. இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது.

மூன்றாம் குளிர்காலத்தில் பொன் இழை ஓடிய போர்வையும், அதற்கு வெள்ளி ஊக்கும் வந்தன. லோர்கன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

ராஜா கெட்டவர் இல்லை. மகனுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டால் அவருக்கும் சோறு இறங்காது. ஆனால் பாசத்தை எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் நல்ல துணியாகப் பார்த்து அனுப்பினார். தாமே ஒரு நடை வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

காய்ச்சலில் கிடந்தவன் மோன்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ரோனத் போர்வை எனக்கு வேணும்மா. அது நனையவே மாட்டேங்குது," என்றான்.

நனையாதுதான். ஆட்டு மயிரில் இயல்பாகவே ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. மழைத்துளி அதில் பட்டால் உருண்டு ஓடிவிடும். ஆனால் சாயம் ஏற வேண்டுமானால் அந்தப் பசையை அலசி எடுத்துவிட வேண்டும். போர்வையில் நிறம் கூடக் கூட மழை உள்ளே வந்தது. அந்தத் தீவில் கம்பளி நெய்கிற எல்லோருக்கும் இது தெரியும். ராஜாவிடம் போய்ச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

மோன்கா அன்றே தறியில் உட்கார்ந்தாள். கறுப்பும் பழுப்புமான ஆட்டின் மயிரை அலசாமல், சாயம் தோய்க்காமல், அப்படியே நூற்று ஒரு சின்னப் போர்வை நெய்தாள். தான் செய்வது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உள்ளே பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டதும் அவள் கை வேகமாக ஓடியது.

லோர்கன் தேறினான். அவனும் ரோனத்தும் ஒரே மாதிரிப் போர்வையில் ஆட்டுக்குட்டிகளோடு ஆட்டுக்குட்டிகளாக ஓடித் திரிந்தார்கள். மோன்கா அவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

ஒருநாள் ராஜாவின் காரியஸ்தர் வந்தார். முற்றத்தில் நின்று இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதில் ராஜா மகன் எங்கே?" என்று கேட்டார்.

"நீங்களே கண்டுபிடிங்க பார்ப்போம்," என்றாள் ரோனத்.

காரியஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. வந்த வேகத்தில் திரும்பிப் போனார். பிறகு செய்தி வந்தது. ராஜாவே நேரில் வருகிறார், நீதிபதியையும் அழைத்து வருகிறார், குற்றம் உண்மையென்றால் பிள்ளையை அன்றைக்கே வேறு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

கியாரன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "அவங்க வர்றப்ப மட்டும் அந்தப் பொன் இழைப் போர்வையை மாட்டி விட்டுடு மோன்கா. ஊதாவைத் துவைச்சுக் காயப் போட்டிருந்தோம், அதனால ஒருநாள் இதைப் போட்டான்னு சொல்லிடலாம். யாருக்கு என்ன தெரியப்போகுது?"

மோன்காவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிள்ளை தன்னிடம் இருந்தால் போதாதா? ராஜா வரும் நாள் காலையில் லோர்கனுக்குப் பொன் இழைப் போர்வையைச் சுற்றி வெள்ளி ஊக்கைக் குத்தினாள். வெளியே மழை கொட்டியது. அவன் அப்பாவைப் பார்க்கும் ஆசையில் வாசலுக்கு ஓடினான். ராஜா இன்னும் வந்தபாடில்லை. ஓடின பிள்ளை தோள் நனைந்து திரும்பி வந்தான். வரும்போதே ஒரு இருமல்.

அந்த ஒரு இருமல் போதும். மோன்கா ஊக்கைக் கழற்றினாள், போர்வையை உருவினாள், ஆட்டு நிறப் போர்வையை எடுத்துச் சுற்றினாள்.

"என்ன பண்றே? பிள்ளை கைவிட்டுப் போயிடுவான்," என்றான் கியாரன்.

"போனாலும் உசுரோட போகட்டுங்க," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ராஜா வந்து சேர்ந்தபோது அவர் கோலத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏழு நிறப் போர்வை, தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பொன் ஊக்கு, ஆனால் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பின்னால் வந்த நீதிபதி ஃபின்டனுக்கு மூக்கு ஒழுகியது. அவர் சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தார், கைக்குட்டை மட்டும் வைத்திருக்கவில்லை.

வழக்கு கேட்கும்போது ராஜா ஏழு நிறப் போர்வையோடுதான் உட்கார வேண்டும். அது தோளில் இருக்கும் வரைதான் அவர் ராஜா. அதைத் தொட வேறு யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே ராஜா ஈரத்தோடு இருக்கையில் அமர்ந்தார். லோர்கன் மோன்காவின் பின்னால் ஒண்டிக்கொண்டு ஒரு கண்ணால் தகப்பனைப் பார்த்தான்.

"ராஜா மகனுக்கு உழவன் வீட்டு நிறத்தை உடுத்தியது நீதானா?" என்று கேட்டார் ஃபின்டன்.

"நான்தான் ஐயா."

"அது குற்றம் என்று தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"தெரிந்தே ஏன் செய்தாய்?"

மோன்கா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். ஆனால் ராஜாவின் பக்கம் பார்வை போனதும் அத்தனையும் மறந்துபோயிற்று. ராஜாவுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை மறைக்கத் தாடையை இறுக்கி வைத்திருந்தார். லோர்கனும் குளிரும்போது அப்படித்தான் தாடையை இறுக்குவான். சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்களே, யார் கண்ணிலும் இது படவில்லையா?

அவள் நேரே நடந்துபோனாள். "நனைஞ்ச துணியோட உட்காரலாமா? பிள்ளைக்குச் சொல்ற மாதிரி உங்களுக்கும் சொல்லணுமா?" என்று அதட்டிக்கொண்டே ராஜாவின் பொன் ஊக்கைக் கழற்றிவிட்டாள்.

காவலர்கள் வாளில் கை வைத்தார்கள். காரியஸ்தர் ஐயோ என்று கத்தினார். மோன்கா காதில் எதுவும் விழவில்லை. ஏழு நிறப் போர்வையை உருவிக் கீழே போட்டாள். தன் தோளில் இருந்த ஆட்டு நிறப் போர்வையை எடுத்து ராஜாவின் கழுத்து வரைக்கும் இழுத்துச் சுற்றி, ஓரத்தை அவர் முதுகுக்கு அடியில் செருகினாள். பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது அப்படித்தான் செருகுவாள். கை பழக்கத்தில் செய்துவிட்டது. செய்து முடித்த பிறகுதான், தான் தொட்டது யாரை என்பது அவளுக்கு உறைத்தது. அப்படியே மண்டியிட்டாள்.

ராஜா மூச்சை உள்ளே இழுத்தார். அந்தப் போர்வையில் அடுப்புப் புகையும் ஆட்டு வாசனையும் இருந்தன. அவரும் சின்ன வயதில் ஓர் உழவன் வீட்டில் வளர்ந்தவர்தான். மழை நாளில் அவரை மடியில் போட்டு இப்படித்தான் ஒருத்தி சுற்றிவைப்பாள். அவள் போய்ச் சேர்ந்து வருஷக் கணக்காகிவிட்டது. அவர் ராஜாவான பிறகு அவருக்குக் குளிருகிறதா என்று யாரும் கேட்டதில்லை.

போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா," என்றார்.

அங்கே இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. ராஜாவின் கண்ணில் நீர் வழிவதையும் பார்த்தார்கள். லோர்கன் மோன்காவின் பின்னாலிருந்து வெளியே வந்து, தகப்பன் பக்கத்தில் போய் நின்று, "இப்ப சூடா இருக்கா?" என்று கேட்டான். ராஜா போர்வையைத் திறந்து அவனையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

காரியஸ்தர் விடவில்லை. "சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டும்," என்றார்.

ஃபின்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நிதானமாகக் கேட்டார். "ராஜா மகன் எப்படி உடுத்த வேண்டும் என்கிறது சட்டம்?"

"ராஜாவைப் போல உடுத்த வேண்டும்."

"ராஜா இப்போது என்ன உடுத்தியிருக்கிறார்?"

காரியஸ்தர் இருக்கையைப் பார்த்தார். ஆட்டு நிறப் போர்வைக்கு வெளியே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"அந்தப் போர்வையில் இருப்பவர் ராஜா இல்லை என்று சொல்லும் துணிச்சல் இங்கே யாருக்காவது உண்டா?" என்று கேட்டார் ஃபின்டன்.

காவலர்கள் வாளிலிருந்து கையை எடுத்தார்கள்.

"அப்படியானால் ராஜா மகன் ராஜா மகனாகத்தான் உடுத்தியிருக்கிறான். குற்றம் இல்லை. பிள்ளை வளர்த்தவளிடமே இருக்கட்டும்," என்று தீர்ப்புச் சொல்லி ஃபின்டன் உட்கார்ந்தார். பிறகு மோன்காவிடம் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒன்று கிடைக்குமா அம்மா?" என்று கேட்டார்.

மோன்கா அழுகையும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கியாரன் தன் போர்வையைக் கழற்றி நீதிபதிக்குக் கொடுத்தான்.

புறப்படும்போது ராஜா மோன்காவின் முன்னால் வந்து நின்றார். ஏழு நிறப் போர்வை காரியஸ்தரின் கையில் ஈர மூட்டையாகக் கிடந்தது. "அடுத்த குளிர்காலத்துக்குப் பிள்ளைக்கு என்ன அனுப்பட்டும், சொல்," என்றார்.

"ஒண்ணும் அனுப்ப வேண்டாம் மன்னா. நீங்க வந்துட்டுப் போங்க," என்றாள் மோன்கா.

ராஜா தலையசைத்தார். உழவன் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். வழியில் போனவர்களுக்கு அவர்தான் ராஜா என்று தெரியவில்லை, யாரோ ஒரு மனிதர் நனையாமல் வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவர் வந்தார். அதற்கடுத்த குளிர்காலத்திலும் வந்தார். லோர்கன் வளர்ந்து அந்த வீட்டை விட்டுப் புறப்படும் நாள் வரைக்கும் ஒரு குளிர்காலம்கூடத் தவறவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களே, பிள்ளைகளே, கதை சொல்வது இவ்வளவுதான்: ஒருவருக்கு என்ன தகுதி என்று பார்ப்பதற்கு முன்னால், அவருக்குக் குளிருகிறதா என்று பார்க்க வேண்டும்.