கொக்கு நடத்திய வரலாற்று வகுப்பு

வட்டக்குளத்தில் ஒரு கொக்கு தவளைக் குஞ்சுகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது. கட்டணம் இல்லை. பிரம்பு இல்லை. கொத்துவதும் இல்லை. தவளைகள் அதன் பெருந்தன்மையைப் புகழ்ந்து புகழ்ந்து தொண்டை கட்டிப்போயின.

மழைச்சி என்ற தவளை மட்டும் புகழவில்லை. அவள் மகன் சொட்டுதான் வகுப்பில் முதல் மாணவன். அவள் நாணலுக்குள் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்தாள்.

"வரலாற்றை மனப்பாடம் செய்யாதீர்கள், கற்பனை செய்யுங்கள்!" என்றது கொக்கு. "முதன்முதலில் இந்தக் குளத்தைக் கண்டுபிடித்த கொக்குத் தளபதி நீங்கள்தான்! நல்ல பசி. கீழே தண்ணீர் தெரிகிறது. இறங்குவீர்களா, போய்விடுவீர்களா?"

"இறங்குவோம்!"

"தண்ணீருக்குள் யாரோ கத்துகிறார்கள். காது கொடுப்பீர்களா, கொத்துவீர்களா?"

"கொத்துவோம்! கொத்துவோம்!" என்று தவளைக் குஞ்சுகள் துள்ளின. சொட்டுவின் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.



"சபாஷ்! அடுத்த கேள்வி. இங்கே மீன் குறைந்துவிட்டது. தளபதி புது மடு தேட வேண்டும். நீங்களானால் எந்தப் பக்கம் போவீர்கள்? சரியாகச் சொல்பவரே துணைத் தளபதி!"

மழைச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைப்பிரட்டைகள் வளரும் மடு எங்கே இருக்கிறதென்று தவளைகளுக்கு மட்டுமே தெரியும். சொட்டுவின் தம்பி தங்கைகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"எனக்குத் தெரியும், ஐயா! தாழம்புதருக்கு..." என்று சொட்டு ஆரம்பித்தான்.

மழைச்சி ஒரே தாவலில் அவன் முன்னால் வந்து விழுந்தாள். "ஐயா, நானும் ஆட்டத்துக்கு வரலாமா?"

"வா, தாயே! நீயும் தளபதியாக இரு!"

"வேண்டாம், ஐயா. தண்ணீருக்குள் ஒருத்தி கத்தினாளே, நான் அவளாக இருக்கிறேன்."

கொக்கு சிரித்தது. "அவளுக்குப் பாடத்தில் வசனமே கிடையாது!"

"என்ன கத்தினாள் என்று உங்கள் முன்னோர் சொல்லவில்லையா?"

"அவர்கள் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது, தாயே. எப்படிச் சொல்வார்கள்?"

"அப்படியானால் நான் சொல்கிறேன்" என்ற மழைச்சி தொண்டையை உப்பிக்கொண்டு கத்தினாள். "கொக்கு வருது! குதி!"

பிறந்த நாள் முதல் பழகிய குரல். யோசிக்கக்கூட நேரமில்லாமல் வகுப்பு முழுவதும் தண்ணீருக்குள் பாய்ந்தது. ஒரே ஒரு குஞ்சு மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஆசிரியர் உத்தரவு தராமல் வகுப்பைவிட்டுப் போகக்கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கொக்கு வேறெங்கும் அலையவில்லை.

தண்ணீரின் அடியில் சொட்டு மூக்கைச் சிந்தினான். "போம்மா! நான் துணைத் தளபதி ஆகியிருப்பேன்!"

"ஆகியிருப்பாய்டா. அது உன் தம்பி தங்கைகளைத் தின்று முடிக்கும்வரை."



பிறர் சொல்லும் வரலாற்றில் தளபதி வேஷம் போட்டுக்கொள்ளும் முன், அந்தக் கதையில் உண்மையில் நாம் யாராக இருந்தோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.