தண்ணீர் கேட்டுப் போன சடைச்சி

முன்னொரு காலத்திலே, மழை வழிதவறிப் போன ஒரு நாட்டிலே, கள்ளிமேடு என்று ஓர் ஊர் இருந்தது. பெயருக்கேற்ற ஊர்தான். கள்ளி மட்டும் தழைத்தது, மற்றதெல்லாம் வாடியது. இருந்த ஒரே கிணற்றில் தண்ணீர் இறங்கி, இறங்கி, கடைசியில் வாளி தரையில் மோதுகிற சத்தம்தான் மேலே வந்தது.

புதுக்கிணறு வெட்டவேண்டும். ஊர்க் களஞ்சியத்தில் இருந்த நெல்லோ ஒரே ஒரு கிணற்றின் கூலிக்குத்தான் காணும். அதில் தண்ணீர் வராவிட்டால் மாடு கன்றோடு ஊரைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

ஊர்த்தலைவர் ஆதிச்சன் நாலாபக்கமும் பறையறைவித்தார். கிணறு வெட்டுகிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவன் செம்பொன்மாறன். குதிரையில் வந்தான். அவன் கடப்பாரைக்குப் பட்டுத்துணி சுற்றியிருந்தது. அதற்குக் குடைபிடிக்கத் தனியாக ஓர் ஆள்! "என் கடப்பாரை நிழல் பட்டாலே பாறை பயந்து விலகும்" என்றான். ஊரார் வாய்பிளந்தார்கள்.

இரண்டாவதாக வந்தவர் மௌனதாசர். பெயர்தான் மௌனம், வாய் மூடியதே இல்லை. தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். "ஆகா, சலசலவென்று ஓடுகிறதே! உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றார். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, எல்லாரும் கேட்கிறது என்றார்கள்.

மூன்றாவதாக வந்தவன் தவிடன். வந்ததும் சோறு கேட்டான். தின்றுவிட்டு இன்னும் கேட்டான். பிறகு மண்ணைக் கிள்ளிப் பார்த்து, "தண்ணீர் இருக்கிற மாதிரி தெரிகிறது. வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். பாறை வந்தால் நாளாகும். இடையில் வந்து என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது" என்று சிடுசிடுத்தான். ஊரார் முகத்தைச் சுளித்தார்கள்.

செம்பொன்மாறனா, மௌனதாசரா என்று ஊர் இரண்டுபட்டது. தவிடன் பெயரை யாரும் எடுக்கவில்லை.

அந்த ஊரில் சடைச்சி என்று ஓர் எண்ணெய்க்காரி இருந்தாள். ஊர் ஊராகப் போய் எண்ணெய் விற்பவள். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள். பானை வாங்கினால் சுண்டிப் பார்ப்பாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதுகூட, பையனை விறகு பிளக்கச் சொல்லிப் பார்த்தவள்.

"தலைவரே, கொஞ்சம் பொறுங்கள். இவர்கள் வெட்டிய கிணற்றிலே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, எண்ணெய்க்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

செம்பொன்மாறன் கிணறு வெட்டிய ஊருக்குப் போனாள். "ஐயா, தாகமாக இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்" என்றாள்.

"எங்கள் கிணற்றைப் பார்த்தாயா அம்மா? படிக்குப் படி தாமரை செதுக்கியிருக்கிறார் அந்த மகராசன்!" என்று பெருமைபேசிய ஒருவர், ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்தார். சடைச்சி போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தாமரைப்படிகளின் அடியில், குளுகுளுவென்று ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மௌனதாசர் கிணறு வெட்டிய ஊருக்குப் போனாள். தண்ணீர் கேட்டாள்.

"அவர் மகான் தாயி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட ஒரு பெண், ஒரு செம்பு மோர் கொடுத்தாள். மோர் தயிர்போல் நின்றது.

"கொஞ்சம் தண்ணீர் கலந்து தரக்கூடாதா?"

"கலக்கத் தண்ணீருக்கு எங்கே போவேன்? கிணற்றிலே சத்தம் நன்றாகக் கேட்கிறது. தண்ணீர்தான் இன்னும் மேலே வரவில்லை."

சடைச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பாவம், நெல்லையும் கொடுத்து ஏமாந்தும் போனோம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கடைசியாகத் தவிடன் கிணறு வெட்டிய ஊருக்குப் போனாள். கிணற்றடியில் ஒருத்தி கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கிணற்றை வெட்டியது தவிடன்தானே?"

"அவன் பேரைச் சொல்லாதே!" அவள் வாளியை இறக்கினாள். "பானைச் சோற்றையும் காலிபண்ணினான்!" வாளியை இழுத்தாள். "என் குழம்பைக் கழுநீர் என்றான்!" சடைச்சியின் கையில் தண்ணீரை ஊற்றினாள். "என் மாமியாரையே எதிர்த்துப் பேசினான்!" மிச்சத்தைக் கன்றின் முதுகில் கொட்டினாள்.

வாய் திட்டிக்கொண்டே இருந்தது, கை இறைத்துக்கொண்டே இருந்தது. சடைச்சி வயிறு நிறையக் குடித்தாள். தண்ணீர் இனித்தது.

ஊர் திரும்பியதும், "தவிடனை வேலைக்கு வையுங்கள்" என்றாள்.

"அவனையா?" ஆதிச்சன் திடுக்கிட்டார். "அந்த ஊரார் அவனைப்பற்றி என்ன சொன்னார்கள்?"

"திட்டினார்கள் தலைவரே."

"திட்டினார்களா!"

"ஆமாம். நனைந்த கையோடு திட்டினார்கள். மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் வறண்ட தொண்டையோடு புகழ்ந்தார்கள்."

ஆடு படுத்திருந்த கதையையும், கலக்காத மோரின் கதையையும் கேட்டபிறகு ஆதிச்சன் யோசிக்கவில்லை. தவிடன் மண்வெட்டியை எடுத்தான்.

பாறை வந்தது. நாள் போனது. ஊரார் முணுமுணுத்தார்கள். சடைச்சிக்கும் உள்ளூரப் பயம்தான். நெல் போனால் பழி அவள் தலையில். அடிக்கடி போய் எட்டிப் பார்த்தாள்.

"எட்டிப் பார்த்தால் தண்ணீர் வராது, உன் நிழல்தான் விழும். தள்ளு!" என்று உள்ளேயிருந்து கத்தினான் தவிடன்.

ஒருநாள் காலையில் கிணற்றுக்குள்ளிருந்து பெரிய அலறல் கேட்டது. ஆள் போனான் என்றே நினைத்து ஊரே ஓடியது. கயிறு போட்டுத் தூக்கினார்கள். இடுப்புவரை நனைந்து, சொட்டச்சொட்ட வெளியே வந்தான் தவிடன்.

"பாறையடியில் ஊற்று பீறிட்டு அடிக்கிறது! கயிறு, கயிறு என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்! மசமசவென்று நின்றீர்களே, மூழ்கிச் செத்திருப்பேன், மடப்பதர்களே!"

அவ்வளவு இனிமையான வசவை அந்த ஊர் அதற்குமுன் கேட்டதே இல்லை. ஆதிச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சடைச்சியோ, "இன்னும் நாலு வார்த்தை திட்டுங்கள் அண்ணே!" என்று சொல்லிக்கொண்டே வாளியை இறக்கினாள்.

ஆகையால், கதை கேட்டவர்களே, ஒரு வேலைக்கு ஆள் வைக்குமுன் அவன் பேச்சையும் பிறர் புகழ்ச்சியையும் நம்பாமல், அவன் முன்பு செய்த வேலையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யவேண்டும்.