மதுரையில எத்தனை காது மிஷின்?

"மூணு இன்டர்வியூ போச்சு மேடம். ஊருக்குள்ள குடை எத்தனை விக்கும், டயர் எத்தனை விக்கும், ஊதுபத்தி எத்தனை விக்கும்னு கேக்குறாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டவரு குணசீலன். வயசு நாப்பத்திமூணு. எட்டு மாசமா வேலை இல்ல.

ஃபிலோமினாவுக்கு முப்பது. ஜெராக்ஸ் கடை மாடியில இன்டர்வியூ கிளாஸ் எடுக்குறாங்க.

"கேக்குறவனுக்கும் தெரியாது சார். நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னுதான் பாப்பான். நாளைக்கு எந்தக் கம்பெனி?"

"காது மிஷின் கம்பெனி. இதுவும் போச்சுன்னா பெரியவளக் காலேஜ்ல இருந்து நிறுத்தணும்."

"சரி. மதுரையில வருஷத்துக்கு எத்தனை காது மிஷின் விக்கும்? போர்டுல போடுங்க."

"ஜனத்தொகை பதினஞ்சு லட்சம்னு வச்சுக்குவோம்."

"'வச்சுக்குவோம்' வந்துருச்சுல்ல? பாதி பாஸ்."

"இருபதுல ஒருத்தருக்குக் காது மந்தம். எழுபத்தஞ்சாயிரம். விலையைக் கேட்டதும் பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவாங்க. மிச்சத்துல பாதிக்கு மாட்டிக்க வெக்கம். சுமாரா பதினெட்டாயிரம் நிக்குது."

அடுத்த வரியை யோசிக்கவே இல்ல, விறுவிறுன்னு எழுதினாரு.

"வயசாயிருச்சு, இனிமே கேட்டு என்ன பண்ணப் போறாருன்னு வீட்ல விட்டுருவாங்க. அதுல பதினஞ்சாயிரம் போயிரும். மிச்சம் மூவாயிரம். ஒரு மிஷின் அஞ்சு வருஷம் ஓடும். வருஷத்துக்கு அறுநூறு."

"நல்லாருக்கு சார். இப்படியே சொன்னா வேலை உங்களுக்குத்தான்."

குணசீலன் சிரிச்சாரு. பழக்கம் விட்டுப்போன சிரிப்பு.

"அந்தப் பதினஞ்சாயிரத்த வெட்டுனது மட்டும் நான் சொல்லிக் குடுக்கலையே. எங்க புடிச்சீங்க?"

"எங்க வீட்ல சொன்னதுதான் மேடம். அப்பாவப் பத்தி."

"அவர வச்சுக்கிட்டேவா?"

"அவருக்குத்தான் கேக்காதே."

சொல்லிட்டு மார்க்கர மூடினாரு.

"ரேடியோவக் காதோட ஒட்டி வச்சுக்கிட்டே இருப்பாரு"ன்னாரு. "நாங்க அப்படிப் பேசுன மறுநாளு அதத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாரு. ஏன்னு நாங்க கேக்கல."

"இப்ப?"

"போன ஆவணில போயிட்டாரு."

ஃபிலோமினா டஸ்டர எடுத்தாங்க. ஜனத்தொகைய அழிச்சாங்க, விலைய அழிச்சாங்க, அறுநூறையும் அழிச்சாங்க. 'இனிமே கேட்டு என்ன பண்ணப் போறாரு'ங்கிற ஒரு வரிய மட்டும் விட்டுட்டாங்க.

குணசீலன் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"நாளைக்கு இந்த வரிய எப்படிச் சொல்றது மேடம்?"

"சத்தமா."