ஹஜ்ரத் ஏறிய வேன்

கிதுர் மைதீன் ஒரு கேள்வியோடு, ஊர்ப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தைத் தேடிப் போனார்.

ஹஜ்ரத் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கிதுர் மைதீனுக்கு அறுபது தாண்டிவிட்டது. தன்னைவிட இளையவர் கையைப் பிடித்துச் சீடரானதை ஊரில் சிலர் கேலி பேசினார்கள். கிதுர் மைதீன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஹஜ்ரத்தும் அவரை அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"வண்டிய விக்கவா, வைக்கவா? இன்னைக்குள்ள சொல்லியாவணும் ஹஜ்ரத்."

எந்த வண்டி என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கிதுர் மைதீன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜைத்தூனுக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கால் இரண்டும் விளங்காமல் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்த அன்று, பள்ளத்துக்குப் பள்ளம் அவள் அலறினாள். இனி இவளைக் குலுங்காத வண்டியில்தான் ஏற்றுவேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஏலத்தில் ஒரு பழைய வேனை எடுத்தார். நாலு வருசமாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

சக்கர நாற்காலி ஏறுவதற்குப் பின்பக்கம் சாய்வுப் பலகை, மெத்தை வைத்த இருக்கை, இடுப்பில் பூட்டிக்கொள்ள ஒரு வார். இதெல்லாம் முதல் வருசமே ஆகிவிட்டது. பிறகு இருக்கையைப் பிரித்து இன்னும் மெத்தென்று தைத்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். மாற்றியது மனசுக்குப் பிடிக்காமல் அதையும் மாற்றினார். இப்போது எஞ்சின் சாக்கின் மேல் கிடக்கிறது, வேன் கல்லின் மேல் நிற்கிறது. வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஓடாது, அவ்வளவுதான்.

இந்த நாலு வருசத்தில் ஜைத்தூன் வாசல்படி தாண்டவில்லை. வண்டி முடியட்டும், வண்டி முடியட்டும் என்றே நாள் போய்விட்டது.

"இன்னைக்கே என்ன அவசரம்?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

"நாகர்கோயில்ல இருந்து ஒரு ஆள் லாரியோட வாரார். எஞ்சினும் சேத்து அப்படியே எடுத்துக்கிடுதேங்கார். இன்னைக்கு விட்டா இனிமே வர மாட்டாராம்."

"அவ்வளவுதானா?"

கிதுர் மைதீன் தரையைப் பார்த்தார்.

"மாமிக்கு, ஜைத்தூனப் பெத்த உம்மாவுக்கு, முடியல. ஏரல்ல மச்சான் வீட்ல கெடக்காங்க. மவளப் பாக்கணும், மவளப் பாக்கணும்னு நேத்துல இருந்து ஒரே சொல்லாம். இன்னைக்கு ராத்திரி தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டி முடியட்டும், கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன்."

"முடியுமா?"

"ஒரே மூச்சாப் பாத்தா நாளைக்கு... இல்ல, நாளன்னைக்கு முடிச்சிரலாம். இப்ப பாத்து இந்த ஆள் வாரார். குடுத்துட்டா அவள எதுல கூட்டிட்டுப் போவ? குடுக்காட்டி... எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ஹஜ்ரத் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வாங்க, பாத்துட்டு வருவோம்."

வேன் நின்றது வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில். ஜைத்தூனின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். கடலோர ஊர்தான் என்றாலும் மூன்று மணி வெயிலில் அந்தத் தகரத்துக்கடியில் காற்று எட்டிப் பார்க்காது. அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் வைக்கிற நோன்பில் ஹஜ்ரத் இருந்தார், தண்ணீர்கூடத் தொடவில்லை.

வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சாய்வுப் பலகையில் ஏறி, ஜைத்தூனுக்கென்று தைத்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். வாரை எடுத்து இடுப்பில் பூட்டிக்கொண்டார்.

"நல்ல மெத்துனு இருக்கு காக்கா."

"பிரிச்சுப் பிரிச்சுத் தச்சதுல்லா?" கிதுர் மைதீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரி, எடுங்க. ஏரலுக்குப் போவோம்."

கிதுர் மைதீன் சிரித்தார். ஹஜ்ரத் சிரிக்கவில்லை.

"எஞ்சின் கீழ கெடக்கே ஹஜ்ரத்."

"அப்ப முடிங்க. நான் இருக்கேன்."

"இப்பவா?"

"எனக்கு நடக்க முடியாது. நீங்க கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு."

விளையாட்டா வினையா என்று கிதுர் மைதீனுக்குப் பிடிபடவில்லை. ஹஜ்ரத் சொல்லைத் தட்டிப் பழக்கமும் இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குந்தினார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் லாரி வந்து நின்றது. வாங்க வந்தவர் பெயர் செல்லத்துரை. கையில் சங்கிலியோடு இறங்கினார்.

"என்ன பாய், முடிவு பண்ணியாச்சா?"

"உள்ள ஹஜ்ரத் இருக்காங்க."

செல்லத்துரை எட்டிப் பார்த்தார். கல்லின் மேல் நிற்கிற வண்டிக்குள் ஒருவர் வாரைப் பூட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இருந்தது கொட்டகைச் சுவர்.

"எங்க போறாங்க?" என்று செல்லத்துரை கேட்டார்.

வீட்டுக்குள் போன் அடித்தது. ஜைத்தூனின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"உம்மா கண்ண முழிச்சாங்களா?... போனை அவங்க காதுல வை... சரி, பேச வேண்டாம். நான் சொல்லுறத மட்டும் கேக்கச் சொல்லு... உம்மா, நான் வந்துருவேன். கேக்குதா? வந்துருவேன்."

கிதுர் மைதீன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தா முடிஞ்சிரும் ஜைத்தூன்!"

உள்ளே போனை வைக்கும் சத்தம் கேட்டது.

ஹஜ்ரத்தின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. கிதுர் மைதீன் ஒரு போல்ட்டை முடுக்குவதும் அவர் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். எந்தப் போல்ட்டும் சரியாக உட்காரவில்லை.

"அவருக்கு மயக்கம் வரப் போவுது பாய்," என்றார் செல்லத்துரை. "என்னையும் அனுப்பி விடுங்க. இருட்டுறதுக்குள்ள நான் ஊர் போய்ச் சேரணும்."

அப்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மாலைத் தொழுகைக்கான அழைப்பு. தொழவைக்க வேண்டியவர் ஹஜ்ரத்தான்.

"எறங்குங்க ஹஜ்ரத். ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இருக்கட்டும். வண்டி முடியட்டும்."

"இது முடிய நாள் ஆவும்!"

கத்திவிட்டார். ஹஜ்ரத்திடம் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"அப்படியா? இந்தா முடிஞ்சிரும்னுல்லா சொன்னீங்க?"

அதைச் சொல்லிவிட்டு ஹஜ்ரத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். அது மயக்கமா, வெறுமனே கண்ணை மூடினாரா என்று இன்றைக்கும் ஊரில் வழக்கு ஓய்ந்தபாடில்லை. கிதுர் மைதீன் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு நிற்கவில்லை. பயந்துபோய்த் தெருமுனைக்கு ஓடினார். திரும்பும்போது இசக்கியின் ஆட்டோ பின்னாலேயே வந்தது.

வாரைக் கழற்றினார். ஹஜ்ரத்தை இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் உட்கார்த்தினார். தலைக்கு அண்டைகொடுக்கத் தோளில் கிடந்த துண்டை மடித்து வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு விடு இசக்கி. மெதுவாப் போ. பள்ளம் பாத்து ஓட்டு."

"ஹஜ்ரத்துக்கு ஆட்டோ கெடச்சிட்டு," என்றாள் ஜைத்தூன், ஜன்னலிலிருந்து.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கிதுர் மைதீன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஆட்டோ குலுங்குமே ஜைத்தூன்," என்றார். "அன்னைக்கு நீ எப்படிக் கத்துன..."

"அன்னைக்குக் கத்துனேன். எனக்கு அது மறந்தும் போச்சு. நீங்கதான் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

ஹஜ்ரத் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிதானித்தார்.

"பள்ளி ரெண்டு தெருதான காக்கா. நான் நடந்துருவேன்."

கிதுர் மைதீன் வீட்டுக்குள் ஓடினார். ஜைத்தூன் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பை. துப்பட்டியின் கசங்கலைப் பார்த்தாலே தெரிந்தது, காலையிலிருந்தே அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

அவளைத் தூக்கினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைப் பார்க்காமலே தூக்கி வந்து ஆட்டோவில் உட்கார்த்தி, பக்கத்தில் தானும் ஏறி, சாயாமல் பிடித்துக்கொண்டார்.

இசக்கி வண்டியைக் கிளப்பினான். ஆட்டோ உதறியது. கிதுர் மைதீனின் கை இறுகியது. ஜைத்தூன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"போ இசக்கி," என்றாள்.

செல்லத்துரை குறுக்கே வந்து நின்றார்.

"பாய், எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க."

கிதுர் மைதீன் கொட்டகையைப் பார்த்தார். நாலு வருசம் அங்கே நின்றது. அவர் பார்வை தெருவுக்கு ஓடியது. ஹஜ்ரத் சுவரோரமாகப் பள்ளியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"ஹஜ்ரத்!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "நீங்க ஒண்ணுமே சொல்லலயே! வண்டிய விக்கவா, வைக்கவா?"

ஹஜ்ரத் நின்று திரும்பினார். கொட்டகைக்குள் வேன் கதவு திறந்தே கிடந்தது. இருக்கையிலிருந்து வார் கீழே தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, ஆட்டோவில் இருந்த ஜைத்தூனைப் பார்த்தார்.

"அந்த வண்டியில யாரும் இல்லயே காக்கா," என்றார்.